பசியாறியாச்சா என்று கேட்டார்கள்

வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஞ்சியது ஒரு நீள வார்டு, இரண்டு வரிசை இரும்புக் கட்டில், காலி மருந்துப் புட்டிகள், ஒரு டிரஸர். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்து, டாக்டர் இல்லாத நாட்களில் டாக்டராகவும் இருப்பவரைத்தான் டிரஸர் என்போம். ஜப்பான்காரன் வந்த மறு வருஷமே கட்டுப்போடத் துணி இல்லை, கொய்னாவும் இல்லை. டிரஸர் மட்டும் காலையில் குளித்து, கிழிந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

தோட்டம் கெடாவில், செமிலிங்குக்கும் பீடோங்குக்கும் நடுவில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதலில் ஆசை காட்டிக் கூட்டிப்போனார்கள், பிறகு கையில் அகப்பட்டவனை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கூலி வீட்டு வரிசைகளான லயங்களில் வீட்டுக்கு வீடு கிழடுகள் மட்டும் மிஞ்சின. அவர்களால் விறகு பிளக்க முடியாது, தண்ணீர் தூக்க முடியாது. ஒரு கிழவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே செத்துக் கிடந்தது, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி என்போம், ஆதரவில்லாத வயசாளிகளை ஆஸ்பத்திரி வார்டில் கொண்டுபோய்ப் போடுங்கள் என்று உத்தரவு கொடுத்தார். அவர் சொன்னபடியே கொண்டுவந்து போட்டார்கள். கெழட்டு வார்டு என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

அந்த வார்டுக்குச் சமைத்துப்போட ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்றபோது நானாகவே போய் நின்றேன். என் மாமனாருக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போயிருந்தது. நான் விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டால் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கக்கூட ஆளில்லை. வார்டு வேலை கிடைத்ததும் அவரையும் முதல் கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டேன். கொடுத்துவைத்தவள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரரை அதற்கு முந்தியே சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். லாரியில் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டு, “அப்பாவப் பாத்துக்க. நான் வர்ற வரைக்கும் உசுரோட வெச்சிரு, அது போதும்” என்றார். உன்னைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை இல்லை. கல்யாணம் ஆகி முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகாதவளிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின தலைக்கு அப்புறம் வேறு யோசனையே இல்லாமல் போனது. மாமா உயிரோடு இருக்க வேண்டும், அவர் மகன் வந்து பார்க்க வேண்டும். அந்த இரண்டு வருஷமும் நான் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்.

மாமா லேசுப்பட்ட மனிதர் இல்லை. வாய் நிறைய மீசை உண்டு, வாய்க்குள் ஒரு பல் கிடையாது. வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர், ஆனால் பேச்சும் தோரணையும் மிராசுதார் மாதிரி. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, வார்டுக்குள் யார் நுழைந்தாலும் “வாங்க, வாங்க, உக்காருங்க” என்பார். உட்கார வார்டில் ஒரு முக்காலிகூட இல்லை. டிரஸர் காலையில் சுற்றிப் பார்க்க வந்தால் அவரையும் விருந்தாளியாகவே நடத்துவார். நாடி பார்க்கக் கையைக் கொடுத்துக்கொண்டே டிரஸருடைய அம்மா சௌக்கியத்தை விசாரிப்பார். டிரஸரின் அம்மா செத்து நெடுநாள் ஆயிற்று. டிரஸரும் நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருக்கு எதிர்க் கட்டிலில் ஒரு கிழவி இருந்தாள். காட்டில் புல் வெட்டியவள், பிள்ளை குட்டி இல்லாதவள், நாக்கு மட்டும் நீளம். மாமா வாங்க வாங்க என்று யாரையாவது கூப்பிடும்போதெல்லாம், “கூப்புடு, கூப்புடு. வந்தவனுக்கு ஒன் கட்டிலத்தான் அவிச்சுப் போடணும்” என்பாள். இரண்டு பேருக்கும் நாள் முழுக்க ஏதாவது வாய்ச்சண்டை. வார்டில் சிரிப்பு என்று கேட்டது அவர்களால்தான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மரவள்ளிக் கிழங்கை நாங்கள் மலாய் வார்த்தையால் ஊபி என்றுதான் சொல்வோம். ஊபியை அவித்தோம், துருவிப் பிழிந்து புட்டு வைத்தோம், காயவைத்து மாவாக்கிக் களி கிண்டினோம். வாலிப வயிற்றுக்கு அது சரி. பல்லில்லாத வாய்க்கு அவித்த ஊபி ஒரு தண்டனை. ஈறால் மென்று மென்று, எச்சில் ஊறாமல், தொண்டையில் அடைத்து, கண் பிதுங்கும். முதுகில் தட்டித் தட்டி என் உள்ளங்கை மரத்துப்போகும். இறங்கினது வயிற்றில் கல்லாக உட்கார்ந்துவிடும். இரண்டு தடவை அப்படி அடைத்துக்கொண்டால் மூன்றாம் தடவை வாயைத் திறக்கவே பயப்படுவார்கள். சாப்பிட மறுக்கிறார்கள், பிடிவாதம் என்று வெளியே இருக்கிறவர்கள் பேசுவார்கள். பிடிவாதம் எல்லாம் ஒன்றும் இல்லை, பயம்தான்.

அரிசிக் கஞ்சி மட்டும் இறங்கும். கிராணி ஆபீஸிலிருந்து வார்டுக்கென்று கொஞ்சம் அரிசி வந்துகொண்டிருந்தது. நொய், கல், சுண்ணாம்பு வாடை, எல்லாம் கலந்த அரிசி. அதைக் கழுவாமல் பொறுக்கி, குழைய வேகவைத்து, கைக்கு அகப்பட்ட கீரையைக் கசக்கிப் போட்டு, கிடைத்த நாளில் ஒரு சொட்டு சிவப்புப் பாமாயில் விட்டுக் கொடுப்பேன். கழுவினால் சத்து போய்விடும், அப்புறம் கால் வீக்கம் இறங்காது என்று டிரஸர் சொல்லியிருந்தார். வார்டில் எல்லோருக்கும் காலில் வீக்கம் உண்டு. விரலால் அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி மேலே எழும்ப வெகு நேரம் ஆகும். மாமாவின் காலை நான் தினமும் அழுத்திப் பார்ப்பேன். அரிசி வந்த வாரம் குழி சீக்கிரம் நிறையும். அரிசி நின்றால் மாமா நிற்க மாட்டார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். ஒருவரை ஒருவர் காலையில் பார்த்தால் நலமா, சௌக்கியமா என்று கேட்கிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது. “பசியாறியாச்சா?” என்றுதான் கேட்போம். அதற்குப் பதில் “ஆச்சு.” வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆச்சுதான். இல்லை என்று சொன்னால் கேட்டவர் தன் பங்கை எடுத்து வைக்க வேண்டிவரும், அவர் வீட்டிலும் ஒன்றும் இருக்காது. அதனால் கேட்கிறவருக்கும் பதில் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அது ஒரு மரியாதை.

ஒரு நாள் காலையில் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எத்தனை, வேலை செய்யாமல் தின்கிறவர்கள் எத்தனை என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். கூடவே ஒரு துபாஷி. வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஆபீஸில் இருந்த தமிழர், ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டு இப்போது இவர்களுக்குப் பேச்சு மாற்றிக் கொடுக்கிறார். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். நான் பின்னால் சமையல் கொட்டகையில் அடுப்பூதிக்கொண்டிருந்தேன். வார்டுக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதிகாரி என்னவோ கேட்டார். துபாஷி சத்தமாக, “எல்லாரும் பசியாறியாச்சா?” என்றார்.

நான் ஊதுகுழலைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் மாமாவின் குரல் கணீரென்று எழும்பிவிட்டது. “ஆச்சுங்க.” அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லாக் கட்டில்களிலிருந்தும் ஆச்சுங்க, ஆச்சுங்க. சிலர் கையைக்கூடக் கூப்பினார்கள். அடுப்பில் கஞ்சி அப்போதுதான் கொதி வந்திருந்தது. ஒருத்தர் வாயிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. அதிகாரி தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

உங்களுக்கெல்லாம் போதுமான சாப்பாடு கிடைக்கிறதா, பசி இருக்கிறதா என்றுதான் அந்த ஆள் கேட்டிருக்கிறார். வயசானவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் துபாஷிக்கு அவர் வீட்டில் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது. கிழடுகளுக்கும் அதற்குப் பழகிய பதில்தான் வந்தது. துபாஷி அந்தப் பதிலை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை ஜப்பான் பாஷையில் சொல்லிவிட்டார். பசி ஆறிவிட்டது, குறையில்லை. கிராணி ஆபீஸில் அவரே இதைத் தமிழில் சொன்னதாக டிரஸர் வந்து சொன்னார். அடுத்த தடவை வார்டுக்கு அரிசி பாதியாக வந்தது.

“ஐயா, நீங்க போய்ச் சொல்லக்கூடாதா? அவங்க பேச்சுக்கு ஆச்சுன்னு சொன்னதுலா அது” என்று டிரஸரிடம் சண்டை பிடித்தேன்.

“நான் சொன்னா எடுபடாது தாயி. மறுபடியும் வருவாங்களாம். அப்ப பெருசுங்க வாயாலயே வரட்டும்” என்றார். அந்த மனிதருக்கு எதையும் அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்லத் தெரியும்.

மறுபடியும் வருவதற்குள் கெடாவையே ஜப்பான்காரன் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று செய்தி வந்தது. கொடி மாறியது. வேறு ஒன்றும் மாறவில்லை, அரிசி மட்டும் இன்னும் கறுத்துப்போனது. நான் வார்டில் பாடம் நடத்த ஆரம்பித்தேன். கட்டில் கட்டிலாகப் போய், “பசியாறியாச்சான்னு கேட்டா என்ன சொல்லணும்?” என்று கேட்பேன். “ஆச்சு” என்பார்கள். “இல்லலா. பத்தலீங்க, பசிக்குதுங்க. அப்படிச் சொல்லுங்க.” கூச்சத்தோடு சிரிப்பார்கள். கல்யாணப் பெண்ணிடம் புருஷன் பெயரைச் சொல்லச் சொன்ன மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எதிர்க் கட்டில் கிழவி மட்டும் முதல் நாளே தேறிவிட்டாள். “நான் சொல்றேன்டி. எவன் வந்தாலும் சொல்றேன்” என்றாள். மாமா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் வந்தார்கள். அதே அதிகாரி, அதே துபாஷி. இந்தத் தடவை நான் மாமாவின் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். அதிகாரி கேட்டார். துபாஷி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, மாமாவிடம் குனிந்து, “என்னங்க பெரியவரே, பசியாறியாச்சா?” என்றார். நான் மாமாவின் தோளைத் தொட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரியைப் பார்த்தார், துபாஷியைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஆச்சுங்க. நீங்க பசியாறுனீங்களா?” என்றார்.

முதல் கட்டில் சொன்னதைத்தான் மற்றவர்களும் சொன்னார்கள். பெரியவரை மீறிப் பேசுவது எப்படி? “பொய்ங்க, யாருக்கும் பத்தல” என்று நான் கத்தினேன். துபாஷி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். “ஒன்னக் கேக்கல, பேசாம இரு” என்றார், பயந்த குரலில். அப்போது எதிர்க் கட்டில் கிழவி எழுந்து உட்கார்ந்து, “எங்கடா பசியாறுறது? கொலப் பட்டினிடா. ஒனக்கும் வயிறு இருக்குல்ல?” என்று விரலை நீட்டினாள். அதிகாரி என்ன என்று கேட்டார். துபாஷி தன் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினார். வயசானதால் புத்தி பிசகிவிட்டது என்று அர்த்தம். அதிகாரி அவளைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார். உண்மையைச் சொன்ன ஒரே ஆளுக்கு அன்றைக்குக் கிடைத்த பட்டம் பைத்தியம்.

அவர்கள் போன பிறகு நான் மாமாவைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன். மருமகள் மாமனாரிடம் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். உங்களுக்குச் சாக வேண்டும் என்றால் நீங்கள் சாகுங்கள், வார்டையே ஏன் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“தாயி, சோறு போடுறவ நீ. பக்கத்துல நிக்குற. வெளி ஆளு வந்து கேக்குறான். பசிக்குதுன்னு நான் சொன்னா என்னா அர்த்தம்? எம் மருமவ எனக்குச் சோறு போடலன்னு ஊரான்கிட்ட சொல்லச் சொல்றியா?”

எனக்கு அழுகையாக வந்தது. அன்பினால் வந்த அழுகை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆத்திரம். என் பேரைக் காப்பாற்றுகிறாராம். என் பேரை வைத்து எந்த உலையில் எதைப் பொங்குவது? இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு இளகுகிறது, ஒரு பக்கம் அந்தக் கட்டிலைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு வார்டுக்கு அரிசியே வரவில்லை. வெட்டுக்காட்டில் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு மட்டும் அரிசி, இவர்களுக்கு ஊபி போதும், வயிறு நிறைந்துதான் இருக்கிறார்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம்.

முதலில் போனது எதிர்க் கட்டில் கிழவி. நாக்கெல்லாம் புண்ணாகி, பேச முடியாமல் கிடந்துதான் போனாள். அவள் வாயைத் திறக்காமல் கிடந்த நாட்கள்தான் எனக்குத் தாங்கவில்லை. மாமா எதிர்ப் பக்கம் பார்த்து ஏதாவது வம்புக்கு இழுப்பார், பதில் வராது. அப்புறம் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் சண்டை போடவில்லை. முந்தின நாள் உட்கார்ந்தவர் மறுநாள் உட்கார மாட்டார், அடுத்த நாள் தலையைத் தூக்க மாட்டார். இடுப்பிலும் குதிகாலிலும் புண் விழும். திருப்பிப் படுக்கவைக்கத் தூக்கினால் காய்ந்த விறகுக் கட்டைத் தூக்கிய கனம்தான் இருக்கும்.

நான் இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை எங்களை நிறுத்துப் பார்க்கிறார்கள். தட்டில் மிச்சம் வைத்தால் தாதிப் பெண் வந்து ஏன் என்று கேட்கிறாள். பல்லில்லாதவர்களுக்குக் கஞ்சி தனியாக வருகிறது. கூட இருக்கிற கிழங்கள் கஞ்சியில் ருசியில்லை என்று முணுமுணுக்கிறார்கள். நான் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் இந்த அம்மா எப்போதும் ஜப்பான் காலத்தையே பேசும் என்பார்கள்.

மாமா ஊபியைத் தொட மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டுவிட்டார். களியைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன், கடைவாய் வழியாக வழிந்தது. வீக்கம் தொடைக்கு ஏறியது. டிரஸர் ஒரு நாள் என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டு, அலமாரியின் அடியிலிருந்து இரண்டு வெள்ளை விரிப்புகளை எடுத்துக் கொடுத்தார். கட்டில் விரிப்புகளெல்லாம் என்றைக்கோ கிழிந்துபோயிருந்தன. சாகிறவர்களை அதில் சுற்றிப் புதைக்க என்று அவர் ஒளித்து வைத்திருந்த கடைசி இரண்டு. “செத்தவங்களுக்கு எதுக்குத் துணி. மெர்போக் பக்கம் வயக்காட்டுக்குக் கொண்டுபோ, நெல்லு குடுப்பாங்க” என்றார். அந்த ஒரு தடவை அவரை நான் மனதாரக் கும்பிட்டேன்.

அப்போது துணிக்கு இருந்த கிராக்கி சொல்லி முடியாது. மலாய்க்காரர்கள் நெல் விளைவித்தார்கள், ஆனால் விளைந்ததை ராணுவம் அள்ளிக்கொண்டு போனது. உடுத்திக்கொள்ளச் சாக்கைத் தவிர அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. விரிப்புகளை இடுப்பில் சுற்றி, மேலே என் சேலையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். முந்தின நாளிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வயலோரத்தில் ஒரு மலாய்க்கார அம்மாவின் வீடு இருந்தது. முன்பு ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து போனவள், முகம் தெரியும். விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். அடுப்பில் வாழைக்காயும் ஊபியும் தேங்காய்ப் பாலில் வெந்துகொண்டிருந்தது. அந்த மணத்தில் எனக்குக் கண் இருட்டியது.

“சுடா மக்கான்?” என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று.

“சுடா” என்றேன். ஆச்சு என்று.

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு நான் சொன்னது காதில் விழுந்தது. அவள் சரி என்று தலையசைத்து, சட்டி மேல் மூடியைப் போட்டாள். நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை அம்மா, சாப்பிடவில்லை என்று மாற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வார்டில் அத்தனை கிழடுகளுக்கும் பாடம் நடத்தியவள் நான். ஒரு துண்டு ஊபியை விட்டுவிட்டு, அவள் கொடுத்த நெல்லைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். வழியெல்லாம் சிரித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? சிரிப்பும் அழுகையுமாகத்தான் நடந்தேன்.

நெல்லை உரலில் போட்டால் சத்தம் கேட்கும் என்று கொட்டகை மூலையில் கல்லில் வைத்துத் தேய்த்து உமி நீக்கினேன். தவிட்டோடு வேகவைத்தேன். கஞ்சி லேசான சிவப்பாக வந்தது. மத்தியானம் ஆகிவிட்டது. மாமாவை என் மடியில் சாய்த்துக்கொண்டு சிரட்டைக் கரண்டியால் ஊட்டினேன். ஒரு வாய் இறங்கியது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு உயிர் வந்தது. இரண்டாவது வாயும் இறங்கியது. “அரிசிக் கஞ்சியா?” என்றார். “ஆமா மாமா. இன்னும் நெறைய இருக்கு” என்றேன். மூன்றாவது வாயை உள்ளே வாங்கி அப்படியே வைத்திருந்தார். விழுங்குவார் என்று காத்திருந்தேன். தாடையைத் தடவிக் கொடுத்தேன். கஞ்சி மெல்ல மீசை வழியாக என் கைக்கு வந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவை இறக்கிப் படுக்கவைத்துவிட்டு, அதே சிரட்டையால் அவருக்கு ஊட்டினேன். மளமளவென்று குடித்தார். “நல்லாருக்கு தாயி” என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சூடு ஆறுவதற்குள் வார்டு முழுக்க ஆளுக்கு இரண்டு வாய் கொடுத்து முடித்தேன். அப்புறம்தான் டிரஸரிடம் போய் மாமா போய்விட்டார் என்று சொன்னேன்.

சுற்றுவதற்குத் துணி இல்லை. இருந்த துணியைத்தான் நெல்லுக்குக் கொடுத்தாகிவிட்டதே. பாயில் வைத்துக் கட்டி, வார்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் மற்றவர்கள் பக்கத்தில் புதைத்தார்கள். குழி தோண்டியவர்களுக்கே தெம்பு இல்லை, ஆழம் அவ்வளவு போகவில்லை. தலைமாட்டில் நான் ஒரு கம்பை நட்டு வைத்தேன். பிறகு ஒரு சாண் மண்ணும் சும்மா கிடக்கக்கூடாது, எல்லா இடத்திலும் ஊபி நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு நாள் நான் கீரை பறித்துவிட்டு வந்து பார்க்கையில் சரிவு முழுக்கக் கொத்தி, பாத்தி பிடித்து, ஊபிக் குச்சியை ஊன்றிவிட்டிருந்தார்கள். என் கம்பு எங்கே போனதோ. யாரிடம் போய்க் கேட்பது? மற்ற இடங்களைவிட அந்தச் சரிவில் செடிகள் மதமதவென்று வந்தன.

ஜப்பான்காரன் தோற்று வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு சயாம் போனவர்கள் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள். அவர் வந்தால் என்ன சொல்வது என்பதை நான் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அப்பா எங்கே என்றுதான் முதலில் கேட்பார். அதிலிருந்து தொடங்க வேண்டும். துபாஷி கேட்ட கேள்வி, மாமா சொன்ன பதில், விரிப்பு, கஞ்சி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும். அவர் என்னை அடித்தாலும் சரி என்று இருந்தேன்.

ஒரு நாள் பீடோங் ரயிலடியில் இறங்கி நடந்தே வந்தார். வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே புண் ஆறிய தழும்பும் எலும்புமாக இருந்தது. உட்கார்ந்தார். சோறு வைத்தேன். தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார், கேட்டு வாங்கி மறுபடியும் சாப்பிட்டார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, கழுவிய தண்ணீரையும் எடுத்துக் குடித்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“அப்பாவ எங்க வெச்சீங்க?” என்றார்.

அப்பா எங்கே என்று அவர் கேட்கவில்லை. எப்படிப் போனார் என்றும் கேட்கவில்லை. நான் சேர்த்து வைத்திருந்ததற்கெல்லாம் அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

சரிவுக்குக் கூட்டிப்போனேன். ஊபிச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே நின்றன. சிலவற்றைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் குச்சி ஊன்றியிருந்தார்கள். அவர் வரிசைக்குள் புகுந்து, இலைகளை விலக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கடைசிவரைக்கும் போய்வந்தார்.

“எந்த எடம்?”

“தெரியலீங்க. கம்பு நட்டிருந்தேன். பிடுங்கிட்டாங்க.”

அவர் ஒரு செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதுல கெழங்கு எடுத்தீங்களா?”

“எடுத்தாங்க. வார்டுக்கும் லயத்துக்கும் பங்கு போட்டுக் குடுத்தாங்க.”

“நீயும் சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்” என்றேன்.

அவர் தண்டிலிருந்து கையை எடுத்தார். லயத்துப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். சரிவில் அவருக்குக் கால் வழுக்கியது, நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.